இடம்பெயர்ந்த மாணவனும் புதிய பாடசாலையும்



‘அகதி’ என்னும் சொல்லைப் பகுத்து நோக்கினால் ‘கதி இல்லாதவன்’ என்று பொருள்படும். கதி என்பது புகலிடத்தையும் குறிக்கும். செல்லும் வழியையும் குறிக்கும். வீடு வாசலை இழந்து வந்தவனுக்கு ஒரு புகலிடம் கிடைத்துவிட்டால் அவன் குறை தீர்ந்தது என்று நாம் எண்ணிவிடுகின்றோம். பன்னிரண்டு, பதினைந்து வயதுச் சிறுவருக்கோ புகலிடம் மட்டும் போதாது, வழியும் வேண்டும். அந்த வழி பெரும்பாலும் பாடசாலையினூடாகவே செல்கின்றது. இடம்பெயர்ந்த சிறுவர் முன்பின் அறியாத ஓர் இடைநிலைப் பாடசாலையிற் சேர்ந்து எவ்வாறு காலூன்றுகின்றனர், அவர்கள் காலூன்றுவதற்குப் பாடசாலை செய்யவேண்டியது யாது என்பவற்றை இன்று ஆராய்வோம்.

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிக் கடலோரமாகச் செல்லும் பெருந்தெருவிலே, கல்முனைக்கு அடுத்து அமைந்துள்ள ஊர் சாய்ந்தமருது. கிழக்கே கடல்; மேற்கே நெல்வயல்; இரண்டிற்கும் இடையே ஒடுங்கிய நிலத்தில் மிக நெருங்கிய குடியிருப்பு. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 26 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறை நாள். சுமாத்திராத் தீவின் அருகே கடலடியில் நிலம் அதிர்ந்ததனால் எழுந்த ஆழிப்பேரலை, அன்று காலை இக்கரையை வந்து மோதியது. இலங்கை முழுவதிலும் 30,000 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் மிகுந்த உயிர்ச்சேதம் கண்டது அம்பாறை. அங்கு மட்டும் மாண்டவர் தொகை 10,000 ஐத் தாண்டியது. நாடெங்கும் 160 இற்கும் மேற்பட்ட பாடசாலைகள் சேதமுற்றன. சேதமுறாத பாடசாலைகள் பல, வீடிழந்தோர் தங்கும் முகாம்களாயின.

ஆண்டிறுதி விடுமுறை முடிந்து, 2005 ஜனவரி 10 ஆம் நாள் நாட்டின் பாடசாலைகள் மீண்டும் திறக்கப்பட்டன. பேரலை வந்து பதினைந்து நாள்களே கழிந்திருந்தன. கரையோரப் பாடசாலையிற் கற்ற பிள்ளை வேறொரு பாடசாலையிலே, வேறொரு வகுப்பறையிலே, இரவற் சீருடையுடன் போய் அமரவேண்டியதாயிற்று. அப்பிள்ளை கடந்து வந்த தூரம் சில வேளைகளில் ஒரு மைல்கூட இராது. ஆயினும் பழகிய வாங்கும், பக்கத்தில் இருந்த தோழனும், பெயர் சொல்லி அழைத்த ஆசிரியரும் அங்கில்லை. சட்டம் வகுத்தோர், நாட்டின் எல்லையைக் கடந்தவனை அகதி என்றும், எல்லைக்குள்ளேயே பெயர்ந்தவனை உள்நாட்டில் இடம்பெயர்ந்தவன் என்றும் வேறுபடுத்துவர். வகுப்பறை வாயிலில் வந்து நிற்கும் சிறுவனுக்கு அந்த வேறுபாடு புலனாவதில்லை. அவனுக்கு எல்லாமே புதிது.

ஒரு மைல் பெயர்ந்தவனுக்கே இந்நிலையெனின், நெடுந்தூரம் பெயர்ந்தவர் நிலையை ஊகித்தல் அரிதன்று. 1990 ஒக்டோபர் மாத இறுதியிலே, வட மாகாணத்தில் வாழ்ந்த 70,000 இற்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஒக்டோபர் 30 ஆம் நாள் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு அளிக்கப்பட்ட தவணை இரண்டே மணி நேரம். அவர்களுட் பெரும்பாலோர் புத்தளத்தை அடைந்தனர். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கற்ற பிள்ளைகள் அங்குள்ள பாடசாலைகளை நாடினர். அதற்கு முன்னரே, 1983 ஆம் ஆண்டுக் கலவரத்தைத் தொடர்ந்து, இலங்கைத் தமிழர் பல்லாயிரவர் பாக்குநீரிணையைக் கடந்து தமிழ்நாட்டு முகாம்களிற் குடியேறினர். அவர்தம் பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பாடசாலைகளிற் சேர்ந்தனர். ஆகவே, இப்பொருள் நமக்கு அயலாரின் கதையன்று, நம்மவர் கதையே.

இனி, தொடக்கப் பாடசாலையை விட்டு இடைநிலைப் பாடசாலையை ஈண்டுத் தனியே எடுத்துக்கொள்வது ஏன் என்று நேயர்கள் வினவலாம். தொடக்க வகுப்பிலே ஓராசிரியரே பெரும்பாலும் எல்லாப் பாடங்களையும் கற்பிப்பார். அவர் ஒருவர் பிள்ளையை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். ஆறாந் தரத்திலிருந்து பாடத்திற்கு ஓர் ஆசிரியர் வருவார். நாற்பது நிமிடத்திற்கு ஒருமுறை மணி அடிக்க, ஒருவர் போவார், மற்றொருவர் வருவார். புதிதாக வந்த பிள்ளையை அவர்களுள் எவரும் முழுமையாக அறியார். கணிதமும் விஞ்ஞானமும் படிப்படியாக ஏறும் பாடங்கள். ஒரு தவணையை இழந்தவனுக்கு ஏணியில் ஒரு படி இல்லாமற் போகின்றது. க. பொ. த. சாதாரண தரப் பரீட்சை எதிரே நிற்கின்றது. இவற்றோடு, குழந்தைப் பருவம் நீங்கி, பிறர் தம்மை எவ்வாறு மதிக்கின்றனர் என்பதையே ஓயாது எண்ணும் வயதும் வந்து சேருகின்றது.

உலகச் சட்டமும் இந்தப் படியிலே சற்றுத் தளர்ந்தே நிற்கின்றது. அகதிகளின் நிலை பற்றிய 1951 ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 22 ஆம் உறுப்புரை, தொடக்கக் கல்வியிலே அகதிப் பிள்ளைகளைச் சொந்த நாட்டுப் பிள்ளைகளுக்குச் சமமாக நடத்தவேண்டும் என்று உறுதியாகக் கூறுகின்றது. அதற்கு மேற்பட்ட கல்வியைப் பற்றிக் கூறுமிடத்தோ, இயன்ற அளவு சாதகமாக நடத்துக என்ற அளவிலே நின்றுவிடுகின்றது. ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர் ஆணையகம் அண்மைய ஆண்டுகளில் வெளியிட்ட கணக்கின்படி, உலகின் அகதிச் சிறுவருள் தொடக்கக் கல்வி பெறுவோர் நூற்றுக்கு ஏறத்தாழ 65 பேர். இடைநிலைக் கல்வி பெறுவோர் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேரே. இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு, பாதி வழியில் உதிர்ந்துபோகும் பிள்ளைகளின் தொகையைக் காட்டுகின்றது. நம் நாட்டிலே 1945 முதல் இலவசக் கல்வியும், 1980 முதல் இலவசப் பாடநூலும், 1993 முதல் இலவசச் சீருடையும் வழங்கப்பட்டு வருகின்றன. ஆதலின், கட்டணம் என்னும் பெருந்தடை இங்கில்லை. ஏனைய தடைகளையே நாம் நோக்கவேண்டும்.

முதலாவது தடை கடதாசித் தடை. பிறப்புச் சான்றிதழ், பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரம், தேர்ச்சி அறிக்கை ஆகியவற்றை அலையிலோ தீயிலோ இழந்து வந்த பிள்ளைக்கு, தான் எத்தனையாந் தரத்திற் கற்றவன் என்பதை நிறுவும் சான்று ஒன்றும் இல்லை. சான்று வரும்வரை காத்திருக்கச் செய்தல் எளிது. ஆனால் காத்திருக்கும் ஒவ்வொரு கிழமையும் பிள்ளை பாடசாலையை விட்டு விலகிச் செல்கின்றது. முதலிற் பிள்ளையை வகுப்பில் அமர்த்திவிட்டுப் பின்னர்ச் சான்றிதழைத் தேடுவதே தக்க முறை. அவனது தரத்தை அறிவதற்கு, ஆசிரியர் அருகில் அமர்ந்து அரைமணி நேரம் வாசிக்கவும் கணக்குச் செய்யவும் விட்டாலே போதும். தெரியாத சிலவற்றிற்காக வயதிற் குறைந்தவர்களோடு கீழ்வகுப்பில் இருத்துதல் பெரும்பாலும் தீங்கையே விளைக்கும். பதினான்கு வயதுப் பையன் பதினொரு வயதுச் சிறுவர் நடுவே ஓராண்டு இருப்பதினும் கடலுக்குப் போவதையே விரும்புவான்.

இரண்டாவது தடை சொல்லிலே உள்ளது. தமிழ் கற்ற பிள்ளை தமிழ்ப் பாடசாலையிற் சேர்வதில் மொழித்தடை ஏது என்று தோன்றலாம். தமிழ்நாட்டிற் சேர்ந்த இலங்கைப் பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பார்ப்போம். இங்கு ‘இரசாயனவியல்’ என்று கற்றவன் அங்கே ‘வேதியியல்’ என்பதைக் காண்கின்றான். நமது ‘பௌதிகவியல்’ அவர்க்கு ‘இயற்பியல்’. நமது ‘மூலகம்’ அவர்க்குத் ‘தனிமம்’. ‘கலம்’ அவர்க்குச் ‘செல்’. ‘அமுக்கம்’ அவர்க்கு ‘அழுத்தம்’. ‘ஆர்முடுகல்’ அவர்க்கு ‘முடுக்கம்’. ‘ஒளித்தொகுப்பு’ அவர்க்கு ‘ஒளிச்சேர்க்கை’. பொருள் தெரிந்த பிள்ளை, பெயர் தெரியாமையால் வாய்திறவாது இருக்கின்றான். ஆசிரியரோ அவனை மந்தன் என்று முடிவு செய்கின்றார். 2009 இற் போர் முடிந்தபின் தாயகம் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இதே இடர் தலைகீழாக நேர்ந்தது. அவர்கள் ‘முடுக்கம்’ கற்று வந்து ‘ஆர்முடுகலை’ எதிர்கொண்டனர். இத்தடையை நீக்கப் பெரும் பொருள் வேண்டியதில்லை. பாடத்திற்கு ஒரு தாளாக, இரு வழக்குச் சொற்களையும் எதிரெதிரே எழுதிக் கொடுத்தால் ஒரு மாதத்திற் பிள்ளை தேறிவிடும். பேச்சு வழக்கும் அவ்வாறே. புதிய பிள்ளையின் ஊர்ப்பேச்சைக் கேட்டு வகுப்புச் சிரிக்குமானால், அச்சிரிப்பை முதல் நாளே தணித்தல் ஆசிரியரின் கடமை.

மூன்றாவது தடை, பாடசாலை மணி ஓய்ந்த பின்னர்த் தொடங்குகின்றது. முகாமிலே படிப்பதற்கு மூலை ஏது? துணித் திரைக்கு அப்பால் மற்றொரு குடும்பம். மாலையில் விளக்கிற்குப் போட்டி. தண்ணீர்க் குழாயடியில் வரிசை. தாயை இழந்த வீட்டிலே மூத்த பெண்ணே தம்பி தங்கையருக்குத் தாயாகின்றாள். தந்தையின் தோணி போன வீட்டிலே மூத்த மகன் கூலிக்குச் செல்ல நினைக்கின்றான். ஆழிப்பேரலைக்குப் பின்னர்க் கிழக்குக் கரையிலே 200 மீற்றர் வரை வீடு கட்டலாகாது என்று அரசாங்கம் முதலில் விதித்தது. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது. நிலம் அருகிய சாய்ந்தமருதிலே, கரையோரத்து மக்களுக்கு மாற்றிடம் காண்பது எளிதாயிருக்கவில்லை. ஊரின் மேற்கே பொலிவேரியன் கிராமம் முதலிய குடியிருப்புக்கள் எழும்வரை பல குடும்பங்கள் தற்காலிகக் கொட்டில்களிலே நெடுநாள் கழித்தன. அக்காலத்திலே வீட்டுவேலை செய்து வராத மாணவனைத் தண்டிப்பது, கொட்டிலில் வாழ்வதற்காக அவனைத் தண்டிப்பதற்கு ஒப்பாகும். பாடசாலை முடிந்தபின் ஒரு வகுப்பறையை ஒரு மணி நேரம் திறந்து வைத்து, அங்கேயே வீட்டுவேலையை முடித்துச் செல்ல விடுதல் ஒரு சிறு செயல். அதன் பயனோ பெரிது.

நான்காவது தடை உள்ளத்திலே உள்ளது. ஆழிப்பேரலை நிகழ்ந்து மூன்று நான்கு கிழமைக்குள், மணற்காடு, கொஸ்கொட, காலி ஆகிய மூன்று இடங்களிலே 264 சிறுவரை ஆராய்ச்சியாளர் நேரிற் கண்டு வினவினர். கொடிய நிகழ்ச்சி நெஞ்சைவிட்டு அகலாது வருத்தும் நோய்க்குறிகள், இடத்திற்கு ஏற்ப, நூற்றுக்கு 14 முதல் 39 பேர் வரையிற் காணப்பட்டன. உற்றாரை இழந்தவரும், முன்னரே போரின் கொடுமையைக் கண்டவரும் கூடுதலாக வருந்தினர். இதனை மற்றொரு வகையாலும் நோக்கவேண்டும்: மிகவும் பாதிக்கப்பட்ட இடத்திலும் பாதிக்கு மேற்பட்ட சிறுவரிடம் அந்நோய் காணப்படவில்லை. ஆகவே, இடம்பெயர்ந்த பிள்ளை ஒவ்வொன்றையும் நோயாளியாகக் கருதுதல் தவறு. நோயுற்ற பிள்ளையைச் சோம்பேறி என்று கருதுதல் அதனினும் பெருந்தவறு. இரவிலே உறக்கமின்றி வகுப்பில் உறங்குபவன், கதவு சாத்தும் ஒலிக்கு நடுங்குபவன், நேற்றுக் கற்றதை இன்று மறப்பவன், சிறு சொல்லுக்குக் கைநீட்டுபவன் ஆகிய இவர்களிடத்திலே பிரம்பை எடுக்குமுன் ஆசிரியர் ஒரு கணம் நின்று சிந்தித்தல் வேண்டும். மாதங்கள் சென்றும் குறிகள் நீங்காவிடின் வைத்தியரின் உதவியை நாடுதல் வேண்டும்.

ஐந்தாவது தடை, நாம் வைக்கும் பெயர். ‘முகாம்ப் பிள்ளை’, ‘அகதிப் பெடியன்’ என்ற சொற்கள் வையும் நோக்கத்தோடு பிறப்பன அல்ல. அடையாளத்திற்காகப் பிறந்து, நாளடைவில் வசையாகின்றன. உதவிப் பொருள் பங்கிடும்போது வகுப்பிலே பெயரை உரக்க வாசித்து எழுப்பி நிறுத்துவது, நாற்பது பேர் முன்னிலையில் ஒருவனைப் பிச்சை ஏற்கச் செய்வதாகும். மறுபுறத்திலே, ஊர்ப் பிள்ளைகளின் மனக்குறையையும் நாம் ஒதுக்கிவிடலாகாது. முப்பது பேர் இருந்த வகுப்பில் ஐம்பது பேர் நெருங்கி இருக்கின்றனர். ஆசிரியர் தொகை ஏறவில்லை. புதியவனுக்குப் புத்தகப்பை கிடைக்கின்றது, அதே ஊரில் அவனைப்போலவே வறியவனான பழையவனுக்குக் கிடைப்பதில்லை. வந்தோரையும் இருந்தோரையும் ஒருங்கே தாங்காத உதவி, இருவர்க்கும் இடையே சுவராகிவிடும்.

தடைகளைக் கூறினோம், தீர்வின் அடிப்படையை நோக்குவோம். சாய்ந்தமருது மக்களுக்கு அது புதிய செய்தியன்று. கி. பி. 622 இலே நபி பெருமானாரும் அவர்தம் தோழரும் மக்காவைத் துறந்து மதீனாவை அடைந்தனர். வந்தோரை முஹாஜிர்கள் என்பர். வரவேற்ற ஊராரை அன்சாரிகள் என்பர். பெருமானார் வந்தவர் ஒருவரையும் ஊரவர் ஒருவரையும் இணைத்து உடன்பிறப்பாக்கினார். அவ்வாறு இணைக்கப்பட்டோருள் ஸஃது இப்னு றபீஃ என்னும் மதீனத்துச் செல்வர், அப்துர் றஹ்மான் இப்னு அவ்ஃப் என்பாருக்குத் தம் செல்வத்திற் சரிபாதி அளிக்க முன்வந்தார். வந்தவரோ அவரை வாழ்த்திவிட்டு, அப்பொருளை ஏற்காது, கடைத்தெருவிற்கு வழி எதுவென்று மட்டும் கேட்டார். அங்கே சென்று பாற்கட்டியும் நெய்யும் விற்கத் தொடங்கி, பின்னாளிலே பெருவணிகரானார்.

இவ்வரலாற்றிலே பாடசாலைக்கு இரண்டு பாடங்கள் உள. முதலாவது, அன்பு என்று பொதுவாகக் கூறாது, ஒருவருக்கு ஒருவரைப் பொறுப்பாக்கியமை. வகுப்பு முழுவதையும் நோக்கிப் புதியவனோடு நட்பாயிருங்கள் என்று அறிவுரை கூறினால், எல்லோருக்கும் உரிய கடமை எவருக்கும் உரியதன்றிப் போகும். குறித்த ஒரு மாணவனை அழைத்து, இவனுக்கு நேரசூசியைக் காட்டு, நூலகத்தைக் காட்டு, தண்ணீர் குடிக்கும் இடத்தைக் காட்டு, இடைவேளையில் உன்னோடு அழைத்துச் செல் என்று ஒப்படைத்தால், மறுநாளே புதியவனுக்கு ஒரு தோழன் உண்டு. இரண்டாவது பாடம் அதனினும் ஆழமானது. வந்தவர் வேண்டியது கொடையன்று. தம் கையால் உழைப்பதற்கு ஒரு வழி. இடம்பெயர்ந்த மாணவனும் உள்ளூர வேண்டுவது அதுவே. இரக்கத்தைப் பெறுபவனாகவே ஓராண்டு முழுவதும் இருப்பவன் எந்தக் கூட்டத்திலும் உறுப்பினனாக மாட்டான். அவனால் ஆகக்கூடிய ஒரு காரியத்தை அவனிடம் ஒப்படைத்தல் வேண்டும். பந்து எறியத் தெரிந்தவனை அணியிற் சேர்க்கலாம். கிறாஅத் ஓதும் குரலுடையவனைக் காலைக் கூட்டத்தில் ஓதச் செய்யலாம். கணிதத்தில் வல்லவனைப் பக்கத்திலிருப்பவனுக்கு விளக்கச் சொல்லலாம். வலை, காற்று, நீரோட்டம் ஆகியவற்றை அறிந்த மீனவர் மகன், புவியியற் பாடத்திலே ஆசிரியருக்கும் சொல்லித்தர வல்லவன்.

ஆதலின், புதிய பாடசாலைக்குப் பழகுதல் என்பது மாணவன் ஒருவன் மட்டுமே செய்யும் செயல் அன்று. அவன் பாடசாலையை நோக்கி ஓரடி வைக்க, பாடசாலை அவனை நோக்கி இரண்டடி வைக்கவேண்டும். பதிவேட்டிலே பெயர் எழுதுவதற்கு ஐந்து நிமிடம் போதும். வகுப்பிலே இடம் பெறுவதற்கு மாதங்கள் செல்லும். முதல் நாளைப் பெரிய வரவேற்பாகக் கொண்டாடிவிட்டு மறந்துவிடுவதினும், ஆறாவது கிழமையிலும் ஆறாவது மாதத்திலும் அவன் வருகின்றானா, யாரோடு உண்கின்றான், எப்பாடத்திற் பின்தங்குகின்றான் என்று கேட்டறியும் ஓர் ஆசிரியர் இருத்தலே மேலானது.

பெற்றோருக்கும் ஒரு சொல். இடர் வந்தபோது மூத்த பிள்ளையின் படிப்பை ஓராண்டுக்கு நிறுத்திப் பின்னர்த் தொடரலாம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அந்த ஓராண்டிலே பிள்ளையின் தோழர் மேல்வகுப்பிற்குப் போய்விடுவர். கையிற் காசு புழங்கத் தொடங்கும். திரும்பிச் செல்ல நாணம் தடுக்கும். ஆகவே, அரைகுறையாகவேனும் பாடசாலைத் தொடர்பு அறாமற் காத்தல் வேண்டும். பிள்ளை என்ன புள்ளி பெற்றது என்று வினவுவதற்கு முன், இன்று யாரோடு பேசினாய் என்று வினவுங்கள்.

2005 ஜனவரியிலே ஆறாந் தரத்திற் புதிய வகுப்பறையினுட் புகுந்த பிள்ளைகள் இன்று முப்பது வயதைக் கடந்தவர்கள். தாமே தாய் தந்தையராய் இருப்பவர்கள். அன்று அவர்களுக்கு யார் வழி காட்டினர், யார் காட்டாது விட்டனர் என்பது அவர்கள் வாழ்க்கையிலே எழுதப்பட்டுவிட்டது. ஆயினும் இது முடிந்துபோன கதையன்று. மாரி வெள்ளம் வருந்தோறும் நம் பாடசாலைகள் முகாம்களாகின்றன. எங்கோ ஒரு போர் மூளுந்தோறும் எங்கோ ஒரு வகுப்பறை வாயிலிலே ஒரு சிறுவன் தயங்கி நிற்கின்றான். அவன் உள்ளே வரும்போது, வாங்கிலே சற்று நகர்ந்து இடம் கொடுக்க ஒருவன் ஆயத்தமாய் இருத்தல் வேண்டும். ஆயத்தம் என்பது அன்று காலையில் வருவதன்று. இடம்பெயர்வு நேராத நாளிலேயே அதிபரும் ஆசிரியரும் கூடி முடிவு செய்து வைக்கவேண்டியது. கதியற்று வந்த பிள்ளைக்கு நம்மாற் பழைய வீட்டைத் திருப்பிக் கொடுக்க இயலாது. செல்லும் வழியைத் திருப்பிக் கொடுக்க இயலும்.